நட்சத்திர ஆமையில் "இலங்கை துணையினம்" என்று ஒன்று இல்லை

நட்சத்திர ஆமை பற்றி ஒருவர், "மஞ்சள் கோடு பட்டையாக, ஓடு மேடு மேடாக இருந்தால் அது இலங்கை துணையினம், விலையும் கூட" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை.

இந்திய நட்சத்திர ஆமைக்கு இன்றைய வகைப்பாட்டில் துணையினமே (ஓர் இனத்துக்குள் வரும் உட்பிரிவு) கிடையாது. வடமேற்கு இந்தியா - பாகிஸ்தான், தென்னிந்தியா, இலங்கை என்று மூன்று பகுதிகளில் வாழ்கிறது, அவ்வளவுதான். இலங்கை ஆமைகள் பொதுவாகப் பெரிதாக, நிறம் எடுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஓர் ஆமையை வைத்துக்கொண்டு ஊரைச் சொல்ல அது போதாது. பெண் ஆமை எப்படியும் ஆணைவிடப் பெரிது. ஓட்டு மேடு காட்டு ஆமைக்கும் உண்டு. ஈரப்பதம் குறைந்த இடத்தில் வளர்ந்த குட்டிக்கு அது இன்னும் துருத்தும். அதாவது மேட்டில் வளர்த்த விதமும் கலந்திருக்கும், அதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

கண்ணால் பிரிக்க முடிவது பர்மிய நட்சத்திர ஆமையை. அது தனி இனம். ஆமையைத் தூக்கி வயிற்றோட்டைப் பாருங்கள்: கறுப்புக் கோடுகள் விசிறிபோல் பரவியிருந்தால் இந்திய ஆமை, மஞ்சளில் வெறும் கறுப்புத் திட்டுகள் என்றால் பர்மியது.

அப்புறம் அந்த "விலை" பேச்சு. 2019 முதல் இந்திய நட்சத்திர ஆமை சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கக்கூடாது. இந்தியாவில் வீட்டில் வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.