தண்ணீர் சரியில்லையாம்!

"உங்கள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை, அதனால்தான் போய்விட்டது." டிஷ்வாஷரின் கதவைத் திறந்து அரை நிமிடம் உள்ளே எட்டிப் பார்த்த சர்வீஸ்காரர் சொன்ன தீர்ப்பு இது. இதைச் சொல்வதற்கு வருகைக் கட்டணம் வேறு. இரண்டு வருட உத்தரவாதம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் செத்துவிட்டது. இரண்டரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஓடிவிட்டு, சாம்பார்க் குண்டாவை எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. "உப்புத் தண்ணீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது, சேச்சி" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழிஞ்சாம்பாறையில் போர் போட்டால் வேறு எந்தத் தண்ணீர் வரும் என்று இவர்கள் எதிர்பார்த்தார்கள்? கேரளம் என்றாலே ஆறும் காயலும் படகும் என்று நினைப்பவர்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்துக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். எருத்தேம்பதி, வடகரைப்பதி, கொழிஞ்சாம்பாறை, எல்லாமே மழை மறைவுப் பகுதி. அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்பில் பெயர் வாங்கியது எங்கள் சித்தூர். ஆழியாற்றுத் தண்ணீர் வந்தால் வயல், வராவிட்டால் தரிசு. குழாயடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வெந்நீர்க் கம்பியை மாற்றாத வீடு எங்கள் தெருவில் இல்லை. இதில் ரகசியம் எதுவும் கிடையாது.

டிஷ்வாஷர் விற்ற பொள்ளாச்சிக் கடைக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். அதே கடையில் அடுத்த வரிசையில்தான் ஆர்.ஓ. இயந்திரங்களை அடுக்கி வைத்திருக்கிறார். அங்கே நின்றால் கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு, "கொழிஞ்சாம்பாறையா? ஐயோ, அந்தத் தண்ணீரைக் குடித்தால் கிட்னி என்னாவது?" என்று அடிவயிற்றைக் கலக்குகிறார். இரண்டடி தள்ளி டிஷ்வாஷர் பக்கம் வந்ததும் அதே தண்ணீர் அவருக்கு மறந்துபோகிறது. கண்ணாடி டம்ளர் பளபளக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கே வருகிறேன். ஏனென்றால் என் கோபத்தின் மையம் அதுதான். டிஷ்வாஷரின் அடியில் ஒரு மென்னீராக்கி இருக்கிறது. அதற்குள் பிசின் மணிகள். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துவிட்டால், நாம் போட்டு வைத்திருக்கும் உப்பின் கரைசல் அவற்றைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார் செய்யும். அதாவது உப்புத் தண்ணீரைச் சமாளிப்பதற்கென்றே ஒரு பகுதியைச் செய்து, அதற்கும் சேர்த்து விலை வைத்து விற்றிருக்கிறார்கள். பிறகு உப்புத் தண்ணீரால் பழுது, நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். குடையை விற்றுவிட்டு, மழையில் விரித்தீர்களே, அதனால் மாற்றித் தர மாட்டோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கையேட்டில் எழுதியிருக்கிறது: தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, 50 ஜெர்மன் பாகை வரை இந்த இயந்திரம் தாங்கும். ஒரு பாகை என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். பெருக்கிப் பாருங்கள், 890 வருகிறது. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது வந்த கணக்கு 640. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி 200-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம். ஆக, குடிக்க ஆகாத தண்ணீர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தின் எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தை விரித்துச் சர்வீஸ்காரரிடம் காட்டினேன். "அது புத்தகம், சேச்சி. இது இங்கத்தைய தண்ணீர்" என்றார்.

இயந்திரத்தின் செட்டிங்கைச் சரியாக வைக்கவில்லையோ, உப்பு போடவில்லையோ என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். கடினத்தன்மை செட்டிங் முதல் நாளிலிருந்தே உச்சத்தில்தான் இருக்கிறது. வைத்தது கம்பெனியின் ஆள். உச்சத்தில் வைத்தால் இயந்திரம் மணிகளை அடிக்கடி கழுவும், உப்பு மளமளவென்று இறங்கும். அந்த உப்பும் சமையல் உப்பு அல்ல. அயோடின் உப்பைப் போடக் கூடாது. கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அடைத்துக்கொள்ளும். கல் உப்பையும் போடக் கூடாது. அதில் இருக்கும் மண்ணும் மக்னீசியமும் மணிகளைக் கெடுக்கும். டிஷ்வாஷருக்கென்று தனியாக உப்பு வாங்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் அது கிடைக்காது, சித்தூரில் கிடைக்காது, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வெறும் சோடியம் குளோரைடு, வேறொன்றும் இல்லை. விலையைப் பார்த்தால் இமயமலையில் விளைந்தது போல இருக்கிறது. அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பில்கள் எல்லாம் ஒரு உறையில் பத்திரமாக இருக்கின்றன.

தண்ணீர் அழுத்தம் இன்னொரு கூத்து. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் தரும். எங்களுடையது ஒற்றை மாடி வீடு. மூன்று மீட்டர் இருந்தால் 0.3 பார். பல இயந்திரங்களுக்குக் குறைந்தபட்சத் தேவையே அதுதான், சிலவற்றுக்கு 0.5. தொட்டி பாதியாகக் குறைந்தால் "தண்ணீர் வரவில்லை" என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். தனியாக ஒரு பிரஷர் பம்ப் வைத்தோம். இதையும் வாங்கும் முன் ஒருவரும் சொல்லவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதற்குப் பயந்து வைத்த ஸ்டெபிலைசர் தனிக் கணக்கு.

எங்கள் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு பேருக்கான கொள்ளளவு என்கிறார்கள். எந்தப் பன்னிரண்டு பேர்? தட்டையான பீங்கான் தட்டில் ரொட்டியும் முட்டையும் சாப்பிடுகிற பன்னிரண்டு பேர். என் வீட்டில் இட்லிப் பானை ஒன்றை உள்ளே வைத்தால் கீழ்த்தட்டில் பாதி போய்விட்டது. குக்கரும் குண்டாவும் அலுமினியம், கார சோப்பு பட்டால் கறுத்துப்போகும், வைக்கக் கூடாது. தோசைக்கல்லும் இரும்பு வடைச்சட்டியும் துருப்பிடிக்கும், கூடாது. வெண்கல உருளி மங்கும், கூடாது. மீன் குழம்பு வைத்த மண்சட்டி சோப்பைக் குடித்துவிடும், கூடவே கூடாது. சிரட்டை அகப்பை, மரப்பிடி போட்ட கத்தி, கூடாது. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தாராளமாகப் போடலாம். அவற்றை நான் கையால் ஐந்து நிமிடத்தில் கழுவி முடித்துவிடுவேனே! கடைக்காரர் காட்டிய வீடியோவில் ஒரு கடாய்கூட இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

என் மாமியாருக்கு மூட்டுவலி, சிங்க் அருகே நிற்க முடியாது. வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா தொழிலுறப்பு வேலை, அதாவது ஊரக வேலை உறுதித் திட்ட வேலை, இருக்கும் நாட்களில் அங்கே போவார், அது அவருடைய உரிமை. நானும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். இதற்காகத்தான் அந்தப் பெட்டி வந்தது, பகட்டுக்காக அல்ல. "இதுக்கு ஒரு ஆளை வைத்திருக்கலாம், கண்ணு" என்று அத்தை சொல்லும்போது, அதற்குக் கொடுத்த பணம் கண் முன்னே வந்து நிற்கிறது.

பராமரிப்பு என்று ஆளாளுக்கு ஓதுகிறார்கள். செய்யாமலா இருக்கிறேன்? வலைத்தட்டை வாரா வாரம் கழற்றிக் கழுவுகிறேன். கறிவேப்பிலைக் காம்பும் கடுகும் தேங்காய்த் துருவலும் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் தெளிக்கும் கைகளின் துளைகளில் கடுகு போய் உட்கார்ந்தால் பல்குச்சியால் குத்தி எடுக்கிறேன். மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போட்டுக் காலியாக ஓட்டுகிறேன். வினிகரை அடிக்கடி ஊற்றினால் கதவு ரப்பர் கெடும் என்று தெரிந்துகொண்டு அதைத் தொடுவதே இல்லை. ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் கழுவுவதற்கு நான் வேலைக்காரி ஆகியிருக்கிறேன்.

இனி எல்லைப் பஞ்சாயத்து. பில் பொள்ளாச்சியில் போட்டது, அதனால் அதன் ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்குகிறது. வீடு கேரளத்தில், இங்கே 32. கோயம்புத்தூர் சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்தால் பின்கோடைக் கேட்கிறார்கள். 678 என்றதும், "மேடம், அது எங்கள் ஏரியா இல்லை, பாலக்காட்டில் கேளுங்கள்." பாலக்காட்டில் கேட்டால், "பில் தமிழ்நாடு அல்லவா, விற்ற கடை மூலமாக வரட்டும்." கடைக்காரரிடம் கேட்டால், "விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, அக்கா. கம்பெனியிடம் பேசுங்கள்." கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் தமிழுக்கு ஒன்றை அழுத்தினால் சென்னையில் இருப்பவர் எடுத்து, கொழிஞ்சாம்பாறை தமிழ்நாட்டில் எந்த மாவட்டம் என்று கேட்கிறார். விற்கும்போது மட்டும் கோபாலபுரம் செக்போஸ்ட் இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி வைத்து வாசல் வரை கொண்டு வந்து இறக்கினார்களே, அப்போது எந்த ஏரியா?

ஹீட்டருக்கு என்ன விலை என்று கேட்டதற்கு, ஹீட்டரைத் தனியாக மாற்ற முடியாதாம். தண்ணீரைச் சுற்றவிடும் பம்போடு அது ஒரே துண்டாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரையும் குப்பையில் போட்டுவிட்டு, இயந்திரத்தின் விலையில் கால் பங்குக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். நான் தயங்கியதும் சர்வீஸ்காரர், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளலாமே என்றார். இரண்டு வயது கூட ஆகாதது அவருக்குப் பழையது! பொதுவாகப் பத்து வருடம் உழைக்க வேண்டிய பொருள் இது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. டிஷ்வாஷரின் பம்ப், மோட்டார், ஹீட்டர், சர்க்யூட் போர்டு ஆகியவற்றை, அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 வருடத்துக்குப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கதவு ரப்பர், தெளிக்கும் கை, வலைத்தட்டு போன்றவை 10 வருடத்துக்கு. கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. ஆவலோடு போய்ப் பார்த்தேன். கம்பெனிகளின் சர்வீஸ் எண்களைத் தொகுத்திருக்கிறார்கள். அந்த எண்கள் எனக்கு மனப்பாடம் ஐயா!

ஒன்று மட்டும் பொள்ளாச்சிக் கடைக்காரருக்கும் அந்தக் கம்பெனிக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தில் 34-ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஏற்கனவே பதிந்துவிட்டேன். பதில் வராவிட்டால் அடுத்தது பாலக்காடு மாவட்ட ஆணையம். உப்பு வாங்கிய பில், தண்ணீர்ச் சோதனைத் தாள், 50 பாகை என்று அச்சடித்த கையேட்டுப் பக்கம், மூன்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை செக்போஸ்ட்டைத் தாண்டி வர வேண்டியது நீங்கள்.