எங்கள் ஊரில் யார் கையெழுத்துப் போட்டது?

புதன்கிழமை ராத்திரி தங்குமிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறைத்தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, நீங்களே ஜூரோங் தீவுல கேஸ் லைன் வேலைதான் பாக்குறீங்க. ஊர்ல மட்டும் மீத்தேன் வேண்டாம், ஹைட்ரோகார்பன் வேண்டாம்னு ஏன் சொல்றீங்க?" சேலத்துப் பக்கத்துப் பையன். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காலையில் ஐந்து மணிக்கு லாரி என்பதால் அன்றைக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று ஞாயிறு. முழுதாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். சிங்கப்பூர் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குழாயில் வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவில் கப்பலில் திரவமாகவும் வந்து இறங்குகிறது. என் கட்டிலுக்கு மேலே சுற்றும் விசிறியும் அதில்தான் ஓடுகிறது. அதனால் பூமியிலிருந்து கேஸே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நான் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். போன மாதம் ஒரு தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தது. உள்ளே வேலை மொத்தமே நாற்பது நிமிஷம். அதற்கு முன்னால் பெர்மிட் எழுத வேண்டும். கேஸ் செக் பண்ணுகிறவர் மீட்டரை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று அளவு எடுக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 விழுக்காட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே ஓர் ஆள் நாங்கள் ஏறி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் என்ன வேலை, என்ன ஆபத்து, ஏதாவது ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தமிழிலும் சொல்லி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். அன்றைக்கு எங்கள் கூட இருந்த புதுப் பையன், புதுக்கோட்டைக்காரன், "அண்ணே, மீட்டர் விட்டு விட்டு அடிக்குது, எனக்குப் பயமா இருக்கு" என்றான். சூப்பர்வைசர் வேலையை நிறுத்தினார். வேறு மீட்டர் வந்து, மறுபடி அளவு எடுத்து, அப்புறம்தான் இறங்கினோம். அந்தப் பையன் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் ஒரு வார்த்தைக்கு ஒன்றேகால் மணி நேரம் வேலை நின்றது.

இப்போது ஊருக்கு வருகிறேன்.

எங்கள் பெரியப்பா வயலுக்கு அந்தப் பக்கம் ஓர் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இருந்தது. அதிலிருந்து போகும் குழாய் வயலுக்கு அடியில்தான் போகிறது. ஒரு வருஷம் சம்பா நடவு முடிந்து இருபது நாளில் குழாய் கசிந்தது. பெரியம்மாதான் முதலில் பார்த்தார். களை பறிக்க இறங்கியவர் காலில் ஏதோ வழவழவென்று ஒட்டுகிறது என்று குனிந்து சேற்றை அள்ளியிருக்கிறார். தண்ணீர் மேலே மயில் கழுத்து நிறத்தில் படலம். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை என்று போனில் சொன்னார். கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கசிவை அடைத்தார்கள், மேல் மண்ணை வாரினார்கள், அந்தப் போகத்துக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த இரண்டு போகமும் அந்த மூலையில் பயிர் மஞ்சளாகவே நின்றது. அதைச் சொல்ல பெரியப்பா எத்தனையோ தடவை அலைந்தார். பெட்டிஷன் நகல்களை இன்னும் மஞ்சள் பையில் வைத்திருக்கிறார்.

ஒன்றும் தெரியாத ஜனங்கள், யாரோ தூண்டிவிட்டு எதிர்க்கிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பையைத்தான். புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மறுநாளே ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே நல்லாண்டார்கொல்லை, வானக்கன்காடு, கோட்டைக்காடு என்று வருஷக்கணக்காக சோதனைக் கிணறுகளைப் பார்த்தவர்கள் அவர்கள். அதே வருஷம் ஜூன் 30-இல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, மறியல் செய்தவர்களுக்குத் தடியடி கிடைத்தது, பலரைக் கைது செய்தார்கள். பார்த்து, பட்டு, தெரிந்துகொண்டுதான் எதிர்க்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் கிராமத்து ஜனங்களும் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஃப்ராக்கிங் (பாறையைப் பிளந்து வாயு எடுப்பது) நடந்த இடத்தில் 2.9 அளவில் பூமி அதிர்ந்தது, நவம்பரில் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. பிரான்ஸ் 2011-லேயே தடை போட்டது.

எங்கள் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010-இல் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள், 691 சதுர கிலோமீட்டருக்கு. அதில் எங்கள் வயலும் வருகிறதா என்று எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து பேசியபோதுதான் எங்கள் தெருவுக்கே விஷயம் தெரிந்தது. அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் இறந்தார். 2015-இல் தமிழக அரசு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது.

தொழில் தெரிந்தவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீத்தேனைத் தண்ணீரின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால்தான் வாயு பிரிந்து வரும். வெளியே வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. ஃப்ராக்கிங் என்றால் இன்னும் ஒரு படி மேலே, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் இறக்கிப் பாறையில் விரிசல் விழ வைப்பது. பாறை வாயுக் கிணறு ஒன்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். இறக்கியதில் ஒரு பங்கு அழுக்காகத் திரும்பி மேலே வரும், அதை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு பக்கம் கடல் நீர் ஏறிக்கொண்டிருக்கும் ஊரில், இதைச் செய்யலாமா என்று கேட்பது தப்பா?

நாட்டுக்கு எரிவாயு வேண்டும், இந்தியா பாதியளவுக்கு இறக்குமதி செய்கிறது, அது உண்மை. என்னை மாதிரி ஆட்கள் ஊரிலேயே வேலை பார்க்கலாமே என்பதும் உண்மைதான், அதை நினைத்து நான் தூங்காமல் கிடந்த ராத்திரிகள் உண்டு. ஆனால் தேவை இருக்கிறது என்பதற்காக எங்களைக் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு விதியை மாற்றியது. எண்ணெய், எரிவாயு சோதனைக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே இனி தேவையில்லை. எனக்கு அடிவயிற்றில் எரிவது இந்த இடத்தில்தான். இங்கே மூன்று மாதப் பையன் ஒருவன் பயமாக இருக்கிறது என்றதும் வேலையை நிறுத்துகிறார்கள். அங்கே ஐந்து தலைமுறையாக உழுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமாம்.

அடுத்த மாதமே தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று. நல்ல சட்டம், நான் மனதார வரவேற்றேன். ஆனாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடாது. எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது இல்லை. 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. சட்டம் இருந்தும் ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் வடசேரியை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தது 2023 ஏப்ரலில் தெரியவந்தது. அன்றைக்கு எங்கள் தங்குமிடத்தில் ஒரத்தநாட்டுப் பையன்கள் நாலு பேர் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. சில நாளில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் செய்தியில் பார்த்துத்தான் நம் வயலைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் முகங்களில் பாதி தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைதான். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராம சபைக்கு வீட்டிலிருந்து ஒருவரையாவது போகச் சொல்லுங்கள். போன மே 1-ஆம் தேதி எங்கள் அம்மா போனார். "எங்க ஊர்ல கிணறு தோண்டுறதா இருந்தா முதல்ல எங்களைக் கேக்கணும்னு எழுதுங்க" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். எழுதிய பிறகு ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். மொத்தம் நாற்பத்தாறு கையெழுத்து, எட்டு கைநாட்டு. பெரியப்பா கையெழுத்து மூன்றாவது வரியில் இருக்கிறது.