திறப்பைக் கொடுக்க முதல் ஒருக்கா கூட ஏறிப் பாருங்கோ

பிள்ளை பார்க்க ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. எந்த ஊர், யாருடைய மகள், முந்தி எங்கே வேலை செய்தவர், ஏன் விட்டவர் என்று மூன்று தலைமுறை விசாரிப்போம். அதே ஆளிடம் கார்த் திறப்பைக் கொடுத்து, முன்பள்ளியில் இருந்து பிள்ளையை ஏற்றி வரச் சொல்லும்போது மட்டும் ஒரே கேள்விதான்: "லைசென்ஸ் இருக்குத்தானே?"

லைசென்ஸ் இருப்பது வேறு, பின்சீற்றில் ஒரு மூன்று வயது வீரிட்டு அழ அழ பலாலி வீதியில் கார் ஓடுவது வேறு. அதைப் பார்க்க ஒரு வழிதான் உண்டு. இரண்டு மூன்று நாள் நீங்களும் பின்னால் ஏறி, வாயைத் திறக்காமல் இருந்து போய் வாருங்கள். ஓட்டோ சிக்னல் போடாமல் வெட்டும்போது என்ன செய்கிறார்? பிள்ளையின் போத்தல் கீழே விழுந்தால் ஓரங்கட்டி நிறுத்துகிறாரா, ஓடிக்கொண்டே கையைப் பின்னால் விடுகிறாரா?

போன் எடுக்கக் கூடாது என்று சொல்லுவோம். சரி, அந்த நேரம் எடுப்பது யார்? நாங்கள்தான். "பிள்ளையை ஏத்தியாச்சோ? எங்க நிக்கிறியள்?" சம்பளம் தருகிறவர் எடுத்தால் கார் ஓடுகிறவர் எப்படிப் பதில் சொல்லாமல் விடுவார்? வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவரே எடுக்கட்டும்.

அடுத்தது ரயில் கடவை. 1990 இல் நின்ற ரயில் 2014 இல்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. இடையில் கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் ஒழுங்கைகளால் பார்க்காமல் கடந்து பழகிய சனம் நாங்கள். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பிள்ளைக்குப் பாட்டும் போட்டால் ரயில் சத்தம் எங்கே கேட்கும்? கடவைக்கு முன்னால் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போக வேண்டும். ரயில் நேரம் தெரியும் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கனடாவில் இருந்து மாமி அனுப்பிய பேபி சீற் எத்தனை வீட்டில் பொலித்தீன் கழற்றாமல் கிடக்கிறது! "மடியில வைச்சிருக்கலாம்தானே" என்பார் அம்மம்மா. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் மோதி நின்றால், ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற வேகம் அது. எந்தக் கையும் பிடித்து வைக்காது. அதோடு, பார்க்கிறவரே ஓடும்போது மடிக்கு எங்கே போவது? பிள்ளை இரண்டு முன்சீற்றுக்கும் நடுவில் எழும்பி நிற்கும். சீற்றைப் பின்னால் பூட்டுங்கள். முன்னுக்கு எயார்பாக் இருந்தால், பிள்ளை பின்பக்கம் பார்த்து இருக்கிற சீற்றை அங்கே வைக்கவே கூடாது. தோள் பட்டியை விரலால் கிள்ளிப் பார்க்கும்போது மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் காணாது, உங்கள் முன்னால் அவர் பூட்டிக் காட்ட வேண்டும். அப்புறம், கனடாச் சீற்றில் காலாவதித் திகதி அடித்திருக்கும், அதையும் ஒருக்காப் பாருங்கள்.

ஸ்கூட்டியில் முன்னுக்கு நிற்க வைத்து ஏற்றி வருவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கார் இல்லையென்றால் தெரிந்த ஓட்டோ பிடியுங்கள். அதிலும் பெல்ட் இல்லைத்தான், ஆனால் ஓடுகிறவர் ஓட, பிள்ளையைப் பிடிக்க இன்னொருவர் இருப்பார்.

அவருடைய போனில் 1990 என்ற இலக்கத்தையும் பதிந்து கொடுங்கள். இலவச அம்புலன்ஸ், எங்கள் பக்கமும் வரும். தலையிடி, நித்திரை இல்லை, மழை கொட்டுகிறது, இன்றைக்கு ஓடப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள், சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். அன்றைக்கு ஓட்டோக் காசு எங்களுடையது என்று வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.