தெர்மகோல் தூணும் தேக்குத் தூணும்

தை மாசம் மக கல்யாணம் முடிஞ்சதுல இருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி தான். எந்த ஈவென்ட் கம்பெனி, என்ன தீம், டெக்கரேஷனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு. தனித்தனியா பதில் போட்டு விரல் வலிக்குது, அதனால மொத்தமா இங்கயே எழுதிடுறேன், நீளமாத்தான் இருக்கும், நேரம் இருக்கவங்க படிங்க.

முதல்ல போன வருஷத்துக் கதை. எங்க வீட்டுக்காரரோட பங்காளி மக கல்யாணம், எம் மக கல்யாணம் நடந்த அதே பள்ளத்தூர் பூர்வீக வீட்டுல தான் (காரைக்குடி பக்கம்). சென்னைல இருந்து ஈவென்ட் ஆளுங்க வந்தாங்க, "டைம்லெஸ் செட்டிநாடு"ன்னு ஒரு தீம், லேப்டாப்புல படமெல்லாம் போட்டுக் காட்டினாங்க, நாங்களும் சரி சரின்னு தலையாட்டிட்டோம். முந்தின நாள் காலைல வளவுக்குள்ள (வீட்டு நடு முற்றம்) நுழையிறேன், அங்க சுத்திவர பர்மா தேக்குத் தூணு நிக்குதுல்ல, அதுக்கு முன்னாடி தெர்மகோல்ல தூண் செஞ்சு தேக்கு கலர்ல பெயின்ட் அடிச்சு வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க! ஏன் தம்பி இப்படின்னு கேட்டா "ஒரிஜினல் பில்லர் கேமராவுல டல்லா வருது மேடம்"ங்குது அந்தப் புள்ள. எங்க மாமியார் கம்ப ஊனிக்கிட்டு வந்து பாத்துட்டு, "என்ன ஆத்தா, தூணுக்குத் தொணையா தூணு வந்திருக்கா"ன்னாக. எனக்கு சிரிப்பும் வருது அழுகையும் வருது.

அதோட போச்சா, இல்ல. லைட் மாட்டுற இரும்பு ட்ரஸ்ஸ ஒரு பலகை கூட அடியில போடாம நேரா தரையில எறக்கி, ஆத்தங்குடி கல்லு (தரையில பதிக்கிற கைவேலை டைல்) 4 விரிசல் விட்டுப்போச்சு. கேட்டா "டைல் தானே மேடம்"னு ஒரு பதில். பித்தள அண்டா, உருளி எல்லாம் "ப்ராப்ஸ்"னு லிஸ்ட்ல எழுதி தனியா வாடகை போட்டிருந்தாங்க. எங்க இருந்து எடுத்தீங்கன்னு கேட்டா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவாம், பழைய சாமான் கடைங்க இருக்கிற தெரு. போன தலைமுறையில நம்ம வீடுகள்ல இருந்து எடைக்குப் போன சாமானு தான் அங்க பாதி இருக்கு, அதையே நம்ம வளவுல வச்சு நம்மகிட்டயே வாடகை வாங்குறாங்க. இதுக்கு அவங்கள மட்டும் திட்டி என்ன பண்றது, எடைக்குப் போட்டது நாம தானே.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எம் மக கல்யாணத்துக்கு தீமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு. அவ கேக்கல. அவளும் போன்ல நூறு படம் சேத்து வச்சிருந்தா, எல்லாமே அதே பவுடர் பிங்க், அதே காஞ்ச புல்லு. நான் சண்டை போடல. ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்து அவ முன்னாடி வச்சேன். ஒண்ணு என் கல்யாணம், 1998. பின்னாடி சிவப்பு வெல்வெட் திரை, ஜிகினாவுல எங்க ரெண்டு பேர் பேரு, ஆல்பம் வேலை பாத்த ஆளு என் தலையத் தூக்கி ஒரு ரோஜாப்பூவுக்கு உள்ள வச்சிருக்காரு, பக்கத்துல ரெண்டு அன்னம் வேற. அந்த வருஷம் அது தான் லேட்டஸ்ட், கூடக் காசு குடுத்து செஞ்சது. இன்னொண்ணு அவ அப்பத்தா கல்யாணம், 1966, கறுப்பு வெள்ளை. கழுத்துல கழுத்திரு (எங்கள்ல போடுற பெரிய தங்கத் தாலி), பின்னாடி அதே தேக்குத் தூணு, காலுக்குக் கீழ மாக்கோலம். அவ்ளோ தான் இருக்கு அதுல. எம் மக ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தா, அன்னத்தப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா, அப்புறம் பேசாம எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள் அவளே வந்து அம்மா, அந்தத் தூண்கிட்டயே மணவறை போட்டுக்கலாமான்னு கேட்டா.

என் அபிப்ராயம் இது தான். பாரம்பரியம்னு பேர் போட்டு விக்கிறதும் இந்த வருஷத்து ஃபேஷன் தான், அடுத்த வருஷம் அதுவும் என் அன்னம் மாதிரி ஆயிடும். வீடே இல்லாதவங்களுக்கோ சின்ன மண்டபத்துல நடத்துறவங்களுக்கோ நான் சொல்லல. வீட்ட வருஷம் முழுக்கப் பூட்டி வச்சுட்டு அதே மாதிரி செட்டுக்கு லட்சக்கணக்குல குடுக்கிறோம் பாருங்க, நம்ம நகரத்தார் ஆளுங்க, அவங்களுக்குத் தான் சொல்றேன். அந்தக் காச வீட்டுல போடுங்க.

போடுறது சுலபம்னும் நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்கு 11 பங்கு. ஒருத்தர் மலேசியா, ரெண்டு பேர் சிங்கப்பூர், ஒருத்தர் யாரோடயும் பேசுறதில்ல. வாட்ஸப் குரூப்ல சம்மதம் வாங்கி முடிக்கவே ஒன்றரை மாசம், ரெண்டு அறையோட சாவி எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியல. ஓடு மாத்தினோம், வயரிங் புதுசா இழுத்தோம், பாத்ரூம் பத்தாதுன்னு பின்கட்டுல 3 புதுசா கட்டினோம் (பழைய வீட்டுக் கல்யாணம்னா பாத்ரூம் கஷ்டம் இருக்கும், அத மறைச்சுப் பேசக் கூடாது). பெயின்டர் வந்து சுவத்தத் தட்டிப் பாத்துட்டு பட்டி வச்சு எமல்ஷன் அடிச்சிடலாம்னாரு. எங்க மாமியார் விடல. ஈரத்துணிய எடுத்து அவுகளே ஒரு ஓரத்துல துடைச்சாக, உள்ளங்கை அளவு எடத்துல அழுக்கு போயி வெள்ளவெளேர்னு கண்ணாடி மாதிரி மின்னுது. முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைச்ச சுண்ணாம்புப் பூச்சு, இத்தன வருஷமா தூசிக்குக் கீழ அப்படியே இருந்திருக்கு. 4 பொம்பளைங்க 6 நாள் துடைச்சாங்க, பெயின்டுக்கு ஒரு பைசா செலவில்ல.

ஒடஞ்ச கல்லுக்கு ஆத்தங்குடிக்கே போனேன். பாத்திருக்கீங்களா செய்றத? கல்லு செய்றவரு கண்ணாடி மேல இரும்பு அச்ச வச்சு, கட்டத்துக்குக் கட்டம் கலர் கலந்த சிமென்ட் குழம்ப கரண்டியால ஊத்துறாரு, அச்ச அலுங்காம தூக்குறாரு, மேல உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அப்புறம் கலவையப் போட்டு மட்டம் பண்ணி எடுத்து வச்சுட்டாரு. சூளையே கிடையாது, காய வச்சு தண்ணித்தொட்டியில ஊறப்போடுறது தான். அந்தப் பளபளப்பு கண்ணாடில இருந்து வர்றது. ஒடஞ்ச துண்டக் காட்டுனேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "டிசைன் கெடைக்கும் ஆச்சி, இந்தச் செவப்பு கெடைக்காது, அது கால் பட்டுப் பட்டு வந்த செவப்பு"ன்னாரு.

டெக்கரேஷன்னு பாத்தா வாழைமரம், மாவிலைத் தோரணம், நடுவீட்டுக் கோலம், குத்துவிளக்கு. தையில மல்லிகை விக்கிற வெலைக்கு கிலோக் கணக்குல தொங்கவிட முடியாது, சம்பங்கியும் மரிக்கொழுந்தும் வாங்கினோம், வீடே மணந்துச்சு. முந்தின நாள் சீர் சாமான் பரப்புறப்ப எம் மக அவ அப்பத்தாவோட பழைய கண்டாங்கிச் சேலையக் கட்டினா, அரக்குல மஞ்சக் கட்டம், பின்கொசுவம் வச்சு. 2019ல காரைக்குடி கண்டாங்கிக்கு புவிசார் குறியீடு கெடச்சுது, அதுக்கப்புறம் தான் நம்ம புள்ளைங்களே அதத் திரும்பிப் பாக்குதுங்க. வெத்தல பாக்கு ஓலைக் கொட்டான்ல குடுத்தோம். பொண்ணு மாப்பிள்ள மூஞ்சி அச்சடிச்ச பைய எடுத்துட்டு யாராவது காய் வாங்கப் போவாங்களா சொல்லுங்க?

சாப்பாடு பத்தி தனியா ஒரு பதிவே போடலாம், இப்போதைக்கு கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் காலியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லிக்கிறேன். லைவ் கவுன்ட்டர் வைக்கல, யாரும் தேடவும் இல்ல.

போட்டோகிராஃபர் தம்பியோட மட்டும் ஒரு தகராறு. ரெண்டு வீட்டுக் கோயில்லயும் இருந்து மாலை வந்திருக்கு, அது வந்தா தான் எங்கள்ல திருப்பூட்டே, அதாவது தாலி கட்டே. அவரு வந்து "ஆன்ட்டி, சேலை கலருக்கு மேட்ச் ஆகல, அஞ்சே நிமிஷம் ஆர்க்கிட் மாலை போட்டு எடுத்துக்கலாமா"ங்கிறாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எம் மகளே சொல்லிட்டா, "அண்ணா, அப்ப சேலைய வேணா மாத்திட்டு வரட்டுமா?"ன்னு. அவ்வளவு தான், அப்புறம் அவரு மாலையப் பத்திப் பேசல.

ஆல்பம் போன வாரம் வந்துச்சு. அப்பத்தா நின்ன அதே தூணுகிட்ட எம் மக நிக்கிறா, கழுத்திரு போட்டு. நல்லா இருக்கு. ஆனா அவ கால்கிட்ட புதுசா போட்ட 4 கல்லும் சுத்தி இருக்கிற பழைய சிவப்புக்கு நடுவுல பளிச்சுனு தெரியுது, சேலைய வச்சு மறைச்சுக்கோடின்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாளா?