பூட்டிக் கிடக்கும் வீட்டை வரி மட்டும் திறந்துவிடாது

இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள், 2024 அக்டோபர் கணக்குப்படி, 2.6 லட்சத்துக்கு மேல். அதே நாட்டில் 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) ஏற்பாடு செய்த தற்காலிக இடங்களில் காலம் தள்ளுகின்றன. இந்தக் கணக்கைப் பார்த்த உடனே "காலி வீட்டுக்கு வரியைக் கூட்டு, உரிமையாளர் தானாகத் திறப்பார்" என்று பலரும் சொல்கிறார்கள். வரி வேண்டும்தான். ஆனால் காலி வீடுகளுக்கென்றே ஒரு முழுநேர அலுவலர் கவுன்சிலில் இல்லையென்றால், அந்த வரியால் கஜானா நிறையும், கதவு திறக்காது.

2024 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் காலியாக இருந்தாலே கவுன்சில் டாக்ஸை (வீட்டுக்கு உள்ளாட்சி வசூலிக்கும் வரி) இரட்டிப்பாக்கலாம். ஐந்து வருடம் தாண்டினால் மூன்று மடங்கு, பத்து தாண்டினால் நான்கு மடங்கு. சட்டம் பார்ப்பது இரண்டை: ஆள் இல்லை, வீட்டில் சாமானும் பெரிதாக இல்லை. அதனால் ஒரு கட்டிலையும் சோபாவையும் போட்டுவிட்டு "இது எங்கள் இரண்டாவது வீடு" என்று எழுதிக்கொடுத்துத் தப்பித்தவர்கள் நிறைய. 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீட்டுக்கும் இரட்டிப்பு வரி போடலாம் என்று ஆனதால், அதை நடைமுறைப்படுத்திய ஊர்களில் அந்த ஓட்டை அடைபட்டது.

வரியைக் கட்டி வைத்திருக்க வசதியுள்ளவரை விடுங்கள். வீடு பூட்டிக் கிடப்பதற்கு வேறு காரணங்கள்தான் அதிகம். அம்மா இறந்து, பிள்ளைகளுக்குள் விற்பதா வாடகைக்கு விடுவதா என்று இழுபறி. உரிமையாளர் முதியோர் இல்லத்தில். பாதி இடித்துப்போட்ட சமையலறையோடு பணம் தீர்ந்துபோன நிலை. இவர்களில் பலருக்கு வரி ஏறினால் பாக்கிதான் ஏறும்.

இதற்குள் வீடு சும்மா இருப்பதில்லை. கூரை ஓரத்து வடிகாலில் இலை அடைத்துக்கொள்கிறது. மழைநீர் சுவரில் வழிந்து ஊறுகிறது. காற்றோட்டம் இல்லாததால் தரைக்கு அடியிலுள்ள மர உத்தரத்தில் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகிறது. குளிர்காலத்தில் குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கிறது. காப்பீடும் கைகொடுக்காது: 30 அல்லது 60 நாள் ஆளில்லாவிட்டால் இழப்பீட்டைக் குறைப்பதுதான் பெரும்பாலான பாலிசிகளின் வழக்கம். பிரதானக் குழாயை மூடித் தண்ணீரை வடித்து, இலையை அள்ளியிருந்தால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் பழுதுச் செலவு கூடுகிறது. செலவைப் பார்த்து மறுபடி தள்ளிப்போடுகிறார்கள்.

நல்ல அலுவலர் இந்தச் சுழலுக்குள் கைவைப்பார். நிலப் பதிவேட்டிலும் கவுன்சில் டாக்ஸ் பதிவிலும் உரிமையாளரைத் தேடுவார் (2003 சட்டம் அந்தப் பெயர், முகவரியை இதற்குப் பயன்படுத்த அனுமதிக்கிறது). கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் போனில் பேசுவார், நேரில் போவார். அவர் தரும் ஒரு கடிதத்துக்கே பெரிய மதிப்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் காலியான வீட்டைப் புதுப்பிக்க வாட் (பொருள், சேவை மீதான விற்பனை வரி) 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம். 60,000 பவுண்ட் வேலையில் 9,000 பவுண்ட் மிச்சம். எவ்வளவு காலம் காலி என்பதற்கு அந்தக் கடிதம் ஆதாரமாகும். ஆனால் வாட் பதிவுள்ள ஒப்பந்ததாரர் பொருளும் கூலியும் சேர்த்துப் பில் போட வேண்டும். பெயிண்டையும் டைல்ஸையும் நீங்களே கடையில் வாங்கினால் முழு வரிதான். வேலை தொடங்கிய பிறகு இதைக் கேட்டு வருபவர்கள் ஏராளம், பாவம்.

பேச்சு பலிக்காதபோது அதிகாரம் வேண்டும். நடைமுறையில் பலனுள்ளது கட்டாய விற்பனை. முற்றத்தைச் சுத்தம் செய், கூரையைச் சரிசெய் என்று நோட்டீஸ். செய்யாவிட்டால் கவுன்சிலே செய்து, செலவைச் சொத்தின் மேல் கடனாக ஏற்றும். அதையும் கட்டாவிட்டால் வீட்டை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை உரிமையாளரிடம் கொடுக்கும். 2004 சட்டம் தந்த நிர்வாக ஆணை இன்னொரு வழி: வீட்டை வாங்காமலே ஏழு வருடம் வரை கவுன்சில் வாடகைக்கு விடலாம். காகிதத்தில் அழகுதான். ஆனால் பழுதுச் செலவை முதலில் கவுன்சில் போட்டு வாடகையில் திரும்ப எடுக்க வேண்டும், கணக்கு உதைக்கிறது. அதனால்தான் அரிதாகவே யாரும் அதைத் தொடுகிறார்கள்.

வரியே தடையாகும் நாடும் உண்டு. ஜப்பானில் வீடு நிற்கும் சிறு மனைக்கு நிலவரி கணக்கிடும் மதிப்பு ஆறில் ஒரு பங்குதான். இடித்தால் அந்தச் சலுகை போய்விடும் என்று பாழடைந்ததை அப்படியே விட்டார்கள். 2015 சட்டத்தின் கீழ் ஆபத்தான வீடுகளுக்கும், 2023 திருத்தத்தால் பராமரிப்பு மோசமான வீடுகளுக்கும் அந்தச் சலுகையை எடுக்க வழி பிறந்தது. வாரிசுப் பெயர்ப் பதிவை மூன்று வருடத்துக்குள் செய்வது 2024 ஏப்ரலிலிருந்து கட்டாயம். என்னைக் கேட்டால் இங்கிலாந்து முதலில் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான். வீடு யாருடையது என்று தெரியாமல் யாரிடம் போய்ப் பேசுவது?

உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். கூடுதல் வரியில் வந்த பணத்தில் எவ்வளவு இந்த வேலைக்குப் போகிறது? "மீட்ட வீடுகள்" என்று சொல்லும் எண்ணிக்கையில் எத்தனை உண்மையில் மீட்டவை? இலையுதிர்காலத்தில் நடக்கும் காலி வீட்டுக் கணக்கெடுப்புக்கு முன் எல்லோருக்கும் கடிதம் அனுப்பி, ஏற்கெனவே ஆள் குடியிருப்பது தெரிந்த வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கினாலே எண்ணிக்கை இறங்கிவிடும். பட்டியல் சுத்தமாவது நல்லதுதான். ஆனால் அலுவலர் தலையிட்டுக் குடியேறிய வீடுகளைத் தனிப் பத்தியில் காட்டச் சொல்லுங்கள்.