‘கிரீனி’ கிதார் கைமாறிய கதை: ஒரு திருத்தம்

‘கிரீனி’ என்ற புகழ்பெற்ற மின்கிதாரை “கேரி மூரிடமிருந்து நேரடியாக வாங்கினார் கிர்க் ஹாம்மெட்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. கிதார் கலைஞரான மூர் 2011 பிப்ரவரியில் இறந்துவிட்டார். மெட்டாலிக்கா ராக் குழுவின் ஹாம்மெட் கைக்கு அந்தக் கிதார், 1959இல் செய்த கிப்சன் லெஸ் பால், வந்தது 2014இல். மூர் அதை 2006லேயே விற்றுவிட்டார். இடையில் அது வேறு கைகளில் இருந்தது.

மூருக்கு முன்பு அதை வைத்திருந்தவர் ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பீட்டர் கிரீன். மூருக்கு அதை “பீட்டர் கிரீன் சும்மா கொடுத்தார்” என்று நீங்கள் எழுதியதும் சரியில்லை. ஃப்ளீட்வுட் மேக்கை விட்டு விலகிய பிறகு, 70களின் தொடக்கத்தில், இளைஞராக இருந்த மூரிடம் அவர் சொன்னது இதுதான்: உன்னிடம் இருக்கும் எஸ்ஜி (கிப்சனின் இன்னொரு மாடல்) கிதாரை விற்று, கிடைப்பதைக் கொடு. கேட்டது சொற்பம்தான், ஆனாலும் விற்பனைதான். கிதார் நல்ல கைக்குப் போக வேண்டும் என்பதே கிரீனின் கவலை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. முப்பது வருடத்துக்கு மேல் மூர் அதை வைத்திருந்தார். 1995இல் கிரீனுக்குக் காணிக்கையாக ஒரு முழு ஆல்பமே அதில் வாசித்தார்.

அப்புறம், கிரீனியின் அந்த மூக்கடைத்த மாதிரியான ஒலிக்குக் காரணம் அதன் மரம் அல்ல. கழுத்துப் பக்கப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) காந்தம் திரும்பியிருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால்தான் அது கேட்கும்.