ஒரே விசாரிப்பை அஞ்சு கடைக்கு விற்கிறதுக்குப் பேரு விளம்பரமா?

“சார், உங்க ஏரியாவுல தினமும் நூறு பேர் ஏசி சர்வீஸ் தேடுறாங்க, உங்க கடை முதல் பக்கத்துலயே வரல.” ஆன்லைன் டைரக்டரி விற்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த நூறு பேரில் ஒருவருடைய நம்பரை எத்தனை கடைக்கு அனுப்புவோம் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

வயிறு எரிவது அங்கேதான். வாடிக்கையாளர் நம்பரைப் பதிந்த அடுத்த நிமிடமே அது நாலைந்து கடைக்குப் போய்விடுகிறது. முதல் ஆள் 600 ரூபாய் என்றால் மூன்றாவது ஆள் 400க்கு இறங்குகிறார். ஐந்தாவது ஆள் அழைக்கும்போது அந்த அம்மா போனையே எடுப்பதில்லை. ஆனால் டைரக்டரியின் கணக்கில் அதுவும் ஒரு ‘லீட்’, அதாவது கடைக்குக் கொடுத்த ஒரு விசாரிப்பு. வேலை கேட்டு வரும் அழைப்பு, லோன் வேண்டுமா என்று வரும் அழைப்பு, இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் அழைப்பு எல்லாமே லீட்!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 24,000 ரூபாய் பேக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 28,320. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடைக்கு அந்த 4,320 ரூபாய் திரும்பி வராது. ஒரு சர்வீஸில் கையில் நிற்பது 300 ரூபாய் என்றால், போட்ட பணத்தை எடுக்கவே 95 வேலை வேண்டும். பத்து விசாரிப்புக்கு ஒன்று வேலையாக மாறினால் 950 விசாரிப்பு. ஒரு மெக்கானிக், ஒரு பையன் வைத்து நடத்தும் கடை, 950 பேருக்குப் போன் போட்டுவிட்டு எப்போது வேலைக்குப் போவது?

எல்லாத் தொழிலுக்கும் இது வீண் என்று சொல்லவில்லை. ஒரு ஆர்டரே பல ஆயிரம் லாபம் தரும் வீடு மாற்றும் சேவை, வெளியூர் வியாபாரிக்கு மொத்தமாகப் பம்பு விற்கும் கோயம்புத்தூர் பட்டறை போன்றவற்றுக்குக் கணக்கு ஒத்துவரலாம். தெருமுனை தையல் கடைக்கும் மெஸ்ஸுக்கும் இதை விற்பது அநியாயம்.

அவர்களுக்கு வேண்டியது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பக்கம். அதற்கு ஒரு பைசா கிடையாது. போர்டில் இருக்கிற பெயரையே போடுங்கள். பெயரோடு ‘பெஸ்ட் ஏசி சர்வீஸ் மதுரை’ என்று ஒட்டினால் பக்கத்தையே முடக்கிவிடலாம். என்ன தொழில் என்று காட்டும் முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், திறக்கும் நேரம், கடையின் நிஜப் படங்கள் போடுங்கள். வேலை முடிந்த கையோடு வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேளுங்கள். எழுதும் ஒவ்வொருவருக்கும் பதில் போடுங்கள். இந்த உழைப்பை ஒரு ஆறு மாதம் கொடுத்துப் பார்க்காமல் யாருக்கும் காசு கட்டாதீர்கள்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விசாரிப்பு எத்தனை பேருக்குப் போகும், எந்தெந்த பின்கோடு, தவறான லீடுக்கு ஈடு உண்டா, தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று நாலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் சொன்னது எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு நிரூபிப்பது கஷ்டம். டைரக்டரிக்கென்று தனி சிம் வையுங்கள். அதில் வந்த அழைப்பு, முடிந்த வேலை, கிடைத்த லாபம் மூன்றையும் நோட்டில் எழுதினால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, டேப்லெட்டை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்து சார்’ என்று வாங்கும் நாச் (NACH) மேண்டேட், அதாவது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதி. மாதத் தொகை என்ன, உச்ச வரம்பு என்ன, எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேவை பிடிக்கவில்லை என்று கணக்கைக் காலி செய்து வைப்பது ஆபத்து. ஒவ்வொரு பவுன்ஸுக்கும் வங்கி அபராதம் பிடிக்கும். போதாததற்கு, பணம் இல்லாமல் மின்னணுப் பற்று திரும்பினால் 2007ஆம் ஆண்டு பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில், செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போட இடம் இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். பிறகு ஸ்டேட்மென்ட்டிலோ நெட் பேங்கிங்கிலோ அந்த மேண்டேட்டுக்கு உரிய தனி அடையாள எண்ணான யுஎம்ஆர்என்னை (UMRN) எடுத்து, வங்கிக் கிளையில் ரத்து விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.